பிறந்ததும் அழாத குழந்தை, மூளைக் காயம், தாவர மூலக்கூறுகள்: இதில் எவ்வளவு உண்மை?

#1 மழைத்துளி

வணக்கம். நான் இங்கே எழுதுவது குறைவு, படிப்பதோடு சரி.

என் மகனுக்கு இப்போது மூன்றரை வயது. பிறந்ததும் அழவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் ஆப்கார் (பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்) 3. குழாய் போட்டு மூச்சு கொடுத்தார்கள். மூளையைக் காக்கக் குழந்தையின் உடலைக் குளிரூட்டுவார்கள், பிறந்த இடத்தில் அந்த வசதி இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டுமாம். வேறு மருத்துவமனைக்கு மாற்ற ஆம்புலன்ஸ், கடிதம், படுக்கை என்று ஒவ்வொன்றாக ஏற்பாடாகிப் போய்ச் சேர்வதற்குள் எட்டு மணி நேரம் ஓடிவிட்டது. "ஆறு மணி நேரம் தாண்டிவிட்டதம்மா" என்றார்கள். அன்றிரவே ஃபிட்ஸ். இப்போது நடக்கிறான், ஆனால் இரண்டு கால்களிலும் இறுக்கம் இருக்கிறது, பேச்சு தாமதம்.

போன வாரம் உறவினர் ஒருவர் ஒரு பதிவை அனுப்பினார். தாவரச் சத்துகள் பச்சிளங்குழந்தையின் மூளையைக் காக்கும் என்று ஒரு பட்டியல்: குர்குமின் (மஞ்சளில் இருப்பது), ரெஸ்வெரட்ரால் (திராட்சையில் இருப்பது), மாதுளை, சல்ஃபோராபேன் (ப்ரோக்கோலியில் இருந்து வருவது), பச்சைத் தேயிலை. கீழே அவருடைய கைவரி: "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

அந்த முற்றுப்பெறாத வரிதான் தூங்கவிடவில்லை. நான் அப்போது எதையாவது சாப்பிட்டிருந்தால் மாறியிருக்குமா? என் தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுக்கு என்ன சொல்வது?

#2 பச்சிலைப்பித்தன்

சகோதரி, கவலை வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் உண்மையான ஆய்விதழ்களில் வந்தவைதான். குர்குமின், ரெஸ்வெரட்ரால், குவெர்செட்டின், பைக்காலின், பெர்பெரின் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டுரை இருக்கிறது. இயற்கைப் பொருள், பக்கவிளைவு கிடையாது. மருந்துக் கம்பெனிக்கு இதில் லாபம் இல்லாததால்தான் யாரும் வெளியே சொல்வதில்லை. தங்கைக்கு இப்போதே ஆரம்பியுங்கள்.

#3 கணக்குப்பிள்ளை

கட்டுரை இருக்கிறது, சரி. எந்த உயிரினத்தில் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் ஐயா.

#4 எலிக்கூண்டு

அந்த உயிரினத்தோடு நான்கு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான், பெயரே அதனால் வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மழைத்துளிக்கு நேரடியாகப் பதில்: இல்லை. தாய் எதையோ சாப்பிட்டதால் பிறப்புநேர மூச்சடைப்பிலிருந்து குழந்தையின் மூளை தப்பியது என்று மனிதர்களில் யாரும் காட்டியதில்லை. உங்கள் உறவினரின் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிது. ஆக்சிஜனும் ரத்தமும் நின்றதும் மூளைச் செல்களில் சக்தி வற்றிவிடும். சோடியத்தை வெளியே தள்ளும் பம்புகள் நிற்கும். நரம்புச் செல்களைத் தூண்டும் குளுட்டமேட் வெள்ளமாகக் கொட்டும், கால்சியம் உள்ளே பாயும். இது முதல் அடி. குழந்தையை மூச்சுவிட வைத்ததும் சக்தி திரும்பி வரும், பார்த்தால் எல்லாம் சரியானதுபோல இருக்கும். ஆறு மணி நேரம் போல ஒரு அமைதி. அதற்குப் பிறகுதான் இரண்டாவது சரிவு: செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கைவிடுகின்றன, ஃபிட்ஸ் வருகிறது, செல்கள் தாமாகவே சாகத் தொடங்குகின்றன. இது நாள்கணக்கில் போகும். அழற்சியோ வாரக்கணக்கில். அந்த ஆறு மணி நேரக் கணக்கு இந்த அமைதி இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

பிறந்த குழந்தையின் மூளை இதற்கு ரொம்பவே எளிதான இலக்கு. சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் ஆகும் கொழுப்பு அதிகம், புரதத்தோடு கட்டப்படாத இரும்பு இருக்கும், ஆனால் காக்கும் நொதிகளான கேட்டலேஸ், குளுட்டாத்தியோன் பெராக்சிடேஸ் இன்னும் போதிய அளவு சுரக்காது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பாலிஃபீனால்கள் போன்ற தாவரப் பொருள்கள் மீது ஆசை வந்ததற்குக் காரணம் இதுதான். சல்ஃபோராபேன் என்ஆர்எஃப்2 என்ற சாவியைத் திருகி, செல்லின் சொந்தக் காப்பு நொதிகளையே கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. எண்ணம் அழகானது. நானும் அதை நம்பித்தான் உள்ளே போனேன்.

இப்போது சோதனை. 1981இல் ரைஸ், வன்னூச்சி குழுவினர் உருவாக்கிய முறை, இன்றும் அதுதான். ஏழு நாள் எலிக்குட்டி, கட்டைவிரல் அளவு, கண்கூடத் திறந்திருக்காது. மயக்கம் கொடுத்து, கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒரு பக்கம் பட்டுநூலால் கட்டவேண்டும். தையல் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் தாயிடம் விட்டுவிட்டு, அப்புறம் 8% ஆக்சிஜன் உள்ள ஜாடியில் வைக்கவேண்டும். ஜாடி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும். அந்தத் தண்ணீரின் வெப்பம்தான் எல்லாமே. ஒன்றிரண்டு டிகிரி குறைந்தால் குட்டியின் மூளை தானாகவே தப்பிவிடும், ஏனென்றால் குளிரே ஒரு மருந்து. நீங்கள் ஊசி போட்ட பொருள் குட்டியின் உடல்வெப்பத்தைக் கொஞ்சம் இறக்கியிருந்தால் அந்தப் பொருளுக்குப் பேர் போய்ச் சேரும். வெப்பத்தை ஒழுங்காகக் குறித்துவைக்காத கட்டுரைகளை நான் படிப்பதையே விட்டுவிட்டேன்.

இன்னொன்று: ஒரே தாயின் பத்துக் குட்டிகளுக்கு ஒரே மாதிரி செய்தாலும் இரண்டுக்கு ஒன்றுமே ஆகாது, இன்னும் இரண்டுக்குப் பாதி மூளை கரைந்துபோயிருக்கும். குறைந்த எண்ணிக்கையில் செய்த சோதனையில் எந்த முடிவையும் எடுத்துவிடலாம்.

முக்கியமானது நேரம். நிறைய ஆய்வுகளில் பொருளைக் கொடுப்பது காயத்துக்கு முன்னால். 2007இல் செயின்ட் லூயிஸில் ரெஸ்வெரட்ராலை வைத்துச் செய்த வேலையில் முன்கூட்டிக் கொடுத்தபோது செல்சாவுக்கான நொதி அடங்கியது. காயத்துக்கு மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது அடங்கவில்லை. எந்தக் குழந்தை மூச்சடைக்கப் போகிறது என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

#5 பச்சிலைப்பித்தன்

அப்படியென்றால் முன்கூட்டியே எல்லாத் தாய்மாருக்கும் கொடுப்பதுதானே தீர்வு? மாதுளையில் அதைத்தானே செய்தார்கள்.

#6 கணக்குப்பிள்ளை

செய்தார்கள். 2005இல் கர்ப்பமான எலிகளின் குடிநீரில் மாதுளைச் சாறு கலந்தார்கள், குட்டிகளின் மூளை இழப்பு வெகுவாகக் குறைந்தது. நல்ல ஆய்வு, அளவு கூடக்கூடப் பலனும் கூடியது.

அதே செயின்ட் லூயிஸில் பிறகு மனிதர்களிலும் முயன்றார்கள். கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளைச் சுமந்த தாய்மாருக்குத் தினமும் 8 அவுன்ஸ் மாதுளைச் சாறு, இன்னொரு குழுவுக்கு அதே நிறமும் சுவையும் உள்ள போலிச் சாறு. முடிவு 2019இல் வந்தது. மொத்தமாக ஒப்பிட்டபோது குழந்தைகளின் மூளை அமைப்பில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. சொன்னபடி ஒழுங்காகக் குடித்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது மூளையின் வெண்பொருளில் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) சில மாற்றங்கள் தெரிந்தன. பிரித்துப் பார்த்துக் கிடைப்பதை நான் குறிப்பேட்டில் எழுதிவைப்பேன், மருந்துச்சீட்டில் எழுதமாட்டேன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எலியில் கண்டதை மனிதர்களிடம், போலிச் சாறும் வைத்து, நேர்மையாகச் சோதித்துப் பார்த்தார்களே, அதற்கே பாராட்டவேண்டும்.

#7 பச்சிலைப்பித்தன்

சரி, தாயை விடுங்கள். குழந்தை பிறந்த பிறகு சாற்றில் ஒரு துளி நாக்கில் தடவினால் என்ன கெட்டுவிடும்? பூச்சாண்டி காட்டுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

#8 இரவுப்பணி

பதினொரு வருடமாக என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸ். இதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் குழந்தை எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? குளிர்மெத்தையில் கிடக்கும். ஆசனவாயில் வெப்பமானி, திரையில் 33.5 டிகிரி. 72 மணி நேரம் அதே எண்ணில் நிற்கவேண்டும். தொட்டால் ஜில்லென்று இருக்கும், தாய்மார் முதல்முறை தொட்டதும் கையை இழுத்துக்கொள்வார்கள். மூச்சடைத்தபோது ரத்தம் குறைந்தது மூளைக்கு மட்டும் இல்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாமே அடி வாங்கியிருக்கும். பாலே மில்லிகணக்கில் எண்ணித்தான் கொடுப்போம். அந்தக் குடலில் ஒரு துளி 'இயற்கை' என்பது ஒரு துளி என்னவென்று தெரியாத பொருள்.

அடுத்தது கல்லீரல். பெரியவர்கள் குர்குமினைக் கழித்து வெளியே தள்ளுவது குளுக்குரோனிடேஷன் என்ற வேலையால். பிறந்த குழந்தைக்கு அந்த வேலை இன்னும் படியவில்லை. குளோராம்ஃபெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்த குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்ததை 1959இல் எழுதினார்கள், காரணம் இதேதான். பெரியவர்களுக்கு அப்போது அது அன்றாட மருந்து.

அப்புறம் கரைப்பான். குர்குமின் தண்ணீரில் கரையாது. நரம்பில் ஏற்றவேண்டுமானால் வேறு ஏதாவதில் கரைக்கவேண்டும். ஊசிமருந்துத் தண்ணீரில் கெடாமல் இருக்கச் சேர்த்த பென்சைல் ஆல்கஹாலே குறைமாதக் குழந்தைகளைக் கொன்றது 1982இல் தெரியவந்தது. மருந்தே இல்லை, மருந்தோடு வந்தது.

நீங்கள் சொன்ன பட்டியலில் பெர்பெரினும் இருந்தது. அது மஞ்சள்காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிரூபினை, ரத்தத்தில் அதைப் பிடித்துவைத்திருக்கும் ஆல்புமின் புரதத்திலிருந்து தள்ளிவிடும். மஞ்சள்காமாலை உள்ள குழந்தையில் அந்தப் பிலிரூபின் மூளைக்குள் போய்ப் படிந்தால் நிரந்தரக் காயம். சிங்கப்பூரில் 1978இல் இதற்காகவே தடை போட்டார்கள், பல வருடம் கழித்துத்தான் விலக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் எலியின் மூளையைக் காப்பாற்றுகிறது என்று எழுதப்படும் அதே மூலக்கூறு.

#9 பச்சிலைப்பித்தன்

பெர்பெரின் விஷயம் எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். தாவரத்திலிருந்து எதுவுமே பச்சிளங்குழந்தைக்கு உதவாதா? எல்லாமே குப்பையா?

#10 இரவுப்பணி

யார் அண்ணா அப்படிச் சொன்னது? நான் தினமும் காலையில் என் கையாலேயே கொடுக்கிறேனே.

காஃபின்.

குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட மறந்துபோகும், மானிட்டர் கத்தும், உள்ளங்காலில் சுண்டினால் திரும்ப ஆரம்பிக்கும். அதற்காகக் கொடுக்கும் மருந்து காஃபின் சிட்ரேட். முதல் நாள் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பிறகு தினமும் 5. குளிர்மெத்தைக் குழந்தைக்கு வலி தெரியாமலிருக்க ஓடும் மார்ஃபின் சொட்டும் செடியிலிருந்து வந்ததுதான், அது வேறு கதை.

#11 கணக்குப்பிள்ளை

அட, இதை நான் யோசிக்கவே இல்லை. இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான்.

காஃபினுக்குச் சரியான ஆய்வு இருக்கிறது. 'கேப்' ஆய்வு, 500 முதல் 1250 கிராம் வரை எடையுள்ள 2006 குழந்தைகள் (ஆமாம், எண்ணிக்கையே 2006, முதல் முடிவு வந்த வருடமும் 2006). 2007இல் வந்த தொடர் முடிவில் பெருமூளை வாதம் காஃபின் குழுவில் 4.4%, போலி மருந்துக் குழுவில் 7.3%. மூச்சுக்காகக் கொடுத்த மருந்து மூளைக்கும் உதவியது.

சாயம் பூசாமல் மீதியையும் சொல்லவேண்டும். ஐந்து வயதில் பார்த்தபோது ஊனமில்லாமல் பிழைத்திருப்பது என்ற மொத்தக் கணக்கில் வித்தியாசம் மங்கிவிட்டது. கை கால் ஒருங்கிணைப்பில் மட்டும் பலன் நின்றது. பதினொரு வயதிலும் உடலியக்கப் பக்கம் நல்ல செய்திதான்.

#12 எலிக்கூண்டு

இதிலிருந்தே அளவு என்றால் என்ன என்பதைப் பார்க்கலாம். பெரியவர் உடலில் காஃபின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ நூறு மணி நேரம்! திங்கட்கிழமை கொடுத்தது வெள்ளிக்கிழமையும் பாதி இருக்கும். 'கொஞ்சம் கொடுத்தால் நல்லது, நிறையக் கொடுத்தால் இன்னும் நல்லது' என்று நினைத்து கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 2015இல் வந்தது. அதிக அளவு பெற்ற குழந்தைகளில் சிறுமூளை ரத்தக்கசிவு கூடுதலாக இருந்தது. அதே மூலக்கூறுதான், நான்கு மடங்கு.

மழைத்துளி தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று: கேப் ஆய்வு குறைமாதக் குழந்தைகளுக்கானது. உங்கள் பையன்போல நிறைமாதத்தில் மூச்சடைத்த குழந்தைக்குக் காஃபின் உதவும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மூச்சடைக்கும்போது உடலே சுரக்கும் அடினோசின் மூளையைக் காக்கிறது. காஃபின் அடைப்பது அந்த அடினோசினின் வாசலைத்தான். எந்த நேரத்தில் கொடுத்தால் நன்மை, எந்த நேரத்தில் கொடுத்தால் தீமை என்பதே கேள்வி.

நான் ஆய்வுக்கூடத்தை விட்டு வந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் மனசு விட்டது எரித்ரோபொய்ட்டின் முடிவைப் பார்த்த அன்று. அது தாவரம் இல்லை, நம் உடலே சுரக்கும் ஹார்மோன். எலியில் பிரமாதம், சிறு ஆய்வுகளில் பிரமாதம். 2022இல் 500 குழந்தைகளில், குளிரூட்டலோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. அவ்வளவு தூரம் வந்த மருந்துக்கே அந்தக் கதி. நாம் பேசும் தாவரப் பொருள்களில் பெரும்பாலானவை எலிக்கூண்டைத் தாண்டவே இல்லை.

#13 மழைத்துளி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இரவுப்பணி, 'கையை இழுத்துக்கொள்வார்கள்' என்று எழுதியதைப் படித்து அழுதேன். எனக்கு அந்த ஜில்லென்ற கைகூடக் கிடைக்கவில்லை. எட்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை இன்னும் யார்மீது போடுவது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

#14 கணக்குப்பிள்ளை

அம்மா, ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எண்களைச் சொல்கிறேன், அதில் கொஞ்சமாவது கிடைக்கிறதா பாருங்கள்.

நேரத்தோடு குளிரூட்டினாலும் ஏழு குழந்தைகளுக்கு ஒன்றுதான் கூடுதலாகத் தப்பிக்கிறது. 2013இல் 11 ஆய்வுகளை, 1505 குழந்தைகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. மற்ற ஆறில் சில எப்படியும் நன்றாக இருந்திருக்கும், சில எப்படியும் பாதிக்கப்பட்டிருக்கும். எனவே ஆறு மணி நேரத்துக்குள் போயிருந்தால் உங்கள் பையன் சரியாகியிருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் என்ன ஆகும் என்று 168 குழந்தைகளில் பார்த்து 2017இல் எழுதினார்கள். சிறிது பலன் இருக்கலாம் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னும் ஒன்று, இது பலருக்கு அதிர்ச்சி. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளில் செய்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வந்தது. அங்கே குளிரூட்டிய குழுவில் இறப்பு 42%, குளிரூட்டாத குழுவில் 31%. ஒரே மருந்து, ஒரே 33.5 டிகிரி. இடமும் குழந்தைகளும் மாறியதும் முடிவு தலைகீழ்.

#15 இரவுப்பணி

மழைத்துளி, ஆம்புலன்ஸ் தாமதம் தாமதம்தான். அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதை நீங்கள் சுமக்கவேண்டியதில்லை. நீங்கள் அப்போது தையலோடு படுத்திருந்தீர்கள்.

#16 மழைத்துளி

ம்.

தங்கை விஷயம் இன்னும் பாக்கி. பட்டியலைப் பார்த்துவிட்டு அவளே ஒரு குப்பி வாங்கிவிட்டாள். படம் அனுப்பினாள்: குர்குமின் 500 மி.கி., மிளகுச் சாறு சேர்த்தது. கூடவே பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை. சாப்பிடலாமா?

#17 எலிக்கூண்டு

மிளகைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. குர்குமின் தனியாக வாய்வழி போனால் ரத்தத்தில் ஏறுவது சொற்பம். 1998இல் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், உடலில் சேர்ந்த அளவு 2000% கூடியது. எப்படி? கல்லீரலும் குடலும் அதைக் கழிக்கும் வேலைக்குப் பிரேக் போட்டு. இரவுப்பணி #8இல் சொன்ன அதே வேலை. அவள் வேறு ஏதாவது மருந்து எடுத்தால் அதற்கும் அந்தப் பிரேக் விழலாம்.

தேயிலைச் சாறு மாத்திரையை நான் அதைவிடக் கவனமாகப் பார்ப்பேன். கோப்பையில் குடிக்கும் தேநீர் வேறு, வடித்து அடர்த்தியாக்கிய மாத்திரை வேறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் பார்த்தபோது, மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி (பச்சைத் தேயிலையின் முக்கியப் பாலிஃபீனால்) எடுத்தவர்களில் கல்லீரல் நொதி உயர்ந்திருந்தது.

ஏழாம் மாதம் என்பதால் இன்னொன்றும் உண்டு. கருவின் இதயத்தருகே டக்டஸ் என்ற குழாய் பிறக்கும்வரை திறந்திருக்கவேண்டும். அதைத் திறந்துவைப்பது புரோஸ்டாகிளாண்டின், அழற்சியிலும் பங்குள்ள ஒரு பொருள். அழற்சியைக் குறைக்கும் பொருள்கள் பல அதையும் குறைக்கும்; கடைசி மூன்று மாதத்தில் சில வலிமாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். பாலிஃபீனால் மிகுந்த உணவை அதிகம் எடுத்த தாய்மாரின் கருவில் இந்தக் குழாயில் ரத்த ஓட்ட வேகம் கூடியிருந்ததை பிரேசில் மருத்துவர்கள் 2010இல் எழுதினார்கள். பெரும்பாலும் அந்த ஒரே குழுவிடமிருந்து வந்த தகவல், பயந்து பழத்தையே ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் எந்தக் குணத்துக்காக இந்தக் குப்பியை வாங்கச் சொல்கிறார்களோ அதே குணம்தான் அந்தக் குழாயையும் சுருக்கக்கூடும்.

சாப்பாட்டில் இருக்கும் அளவு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரைகளை நிறுத்திவைத்துவிட்டு, இரண்டு குப்பிகளையும் அப்படியே அவளுடைய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையும் அவர் படிக்கவேண்டும்.

#18 பச்சிலைப்பித்தன்

#2இல் 'பக்கவிளைவு கிடையாது' என்று நான் எழுதியதைத் திருத்தப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டதால் திருத்த முடியவில்லை. அதை விட்டுவிடுங்கள் சகோதரி. 'இப்போதே ஆரம்பியுங்கள்' என்றதையும்தான்.

#19 மழைத்துளி

தங்கையிடம் பேசிவிட்டேன். முதலில் "உனக்கு நடந்தது எனக்கும் நடக்கக்கூடாதுன்னுதானே வாங்கினேன்" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அவளே இரண்டு குப்பிகளையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாளாம். வெள்ளிக்கிழமை செக்கப்.

பிறக்கப்போகும் மருத்துவமனையில் குளிரூட்டும் வசதி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே மாற்றுவார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். எழுதிக் கொடுத்தேன், மறந்துவிடுவாள்.

பையன் காலைப் பிடித்து இழுக்கிறான், பிசியோவுக்கு நேரமாகிவிட்டது. வந்து படிக்கிறேன்.